அரசாங்கம் எவ்வாறு இயங்குகின்றது? – அரசறிவியலுக்கு ஓர் அறிமுகம்

அரசும் அரசாங்கமும்

அரசு, அரசாங்கம் என்ற இரு சொற்களையும் மாணவர்களிற் பலர் ஒரே பொருளிலேயே எழுதி வருகின்றனர். அன்றாடப் பேச்சில் இதனாற் பெரிய தீங்கு இல்லை. அரச உத்தியோகம் என்றாலும் அரசாங்க உத்தியோகம் என்றாலும் சம்பளம் ஒன்றுதான். ஆனால் அரசறிவியலில் இவை இரண்டும் வேறுவேறானவை. இவ்வேறுபாடு விளங்காவிட்டால் பின்னால் வரும் பாடங்கள் எவையும் விளங்கப் போவதில்லை. ஆகவே இதிலிருந்தே தொடங்குவோம்.

அரசு ஒன்று உருவாவதற்கு மக்கள், ஆள்புலம், அரசாங்கம், இறைமை ஆகிய நான்கு மூலக்கூறுகள் அவசியமாகும். அரசாங்கம் என்பது அந்நான்கில் ஒன்று மட்டுமே. அது மாறிக்கொண்டே இருக்கும், அரசு நிலைத்திருக்கும். 2022 ஜூலை மாதத்தை எடுத்துக் கொள்ளுங்கள். சனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ நாட்டை விட்டு வெளியேறி, ஜூலை 14 ஆம் திகதி பதவி விலகற் கடிதத்தை அனுப்பினார். ஜூலை 20 ஆம் திகதி பாராளுமன்றம் ரணில் விக்கிரமசிங்கவை 134 வாக்குகளால் புதிய சனாதிபதியாகத் தெரிவு செய்தது. இத்தனை குழப்பங்களுக்கு இடையிலும் இலங்கை என்ற அரசு ஒரு நாளேனும் இல்லாமற் போகவில்லை. உங்கள் பெற்றோரின் தேசிய அடையாள அட்டை செல்லுபடியாகவே இருந்தது. நாடு வெளியாரிடம் பட்ட கடனும் அப்படியே இருந்தது. கடன்பட்டது அரசு ஆதலால், ஆட்சியில் இருந்தவர்கள் போனதும் கடன் போய்விடாது.

நான்கு மூலக்கூறுகளில் "மக்கள்" என்பதை எல்லோரும் இலகுவானது என நினைத்து ஒரு வரியில் எழுதி முடித்து விடுகின்றனர். உண்மையில் மிகவும் சிக்கலானது அதுதான். ஏனெனில் ஓர் அரசின் மக்கள் யார் என்பதைத் தீர்மானிப்பது சட்டமாகும். 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் வாக்களித்தனர். இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களைப் பெற்றது. அடுத்த ஆண்டே, அதாவது 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் மூலம் அவர்களிற் பெரும்பாலானோர் பிரஜாவுரிமையை இழந்தனர். 1949 இல் வாக்குரிமையும் பறிபோனது. அதே நிலத்தில், அதே லயன் அறைகளில், அதே கொழுந்தைப் பறித்துக் கொண்டிருந்தவர்கள் சட்டத்தின் பார்வையில் நாடற்றவர்கள் ஆயினர். அப்போது நடைமுறையிலிருந்த சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவு, ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ பாரபட்சமான சட்டங்களை இயற்றக்கூடாது எனத் தடை விதித்திருந்தது. ஆயினும் 1953 இல் இலண்டனிலுள்ள கோமறைக் கழகம் இச்சட்டங்கள் செல்லுபடியானவை எனத் தீர்ப்பளித்தது. எஞ்சியிருந்த நாடற்ற நிலையை நீக்குவதற்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இச்சட்டங்களை இயற்றியது ஒரு சர்வாதிகாரியல்ல. மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த பாராளுமன்றமே. ஆகவே தேர்தல் நடந்தால் மட்டும் சனநாயகம் பூரணமாகிவிடும் என எண்ணுவது தவறாகும். தெரிவு செய்யப்பட்டவர்களின் அதிகாரத்துக்கும் எல்லை வேண்டும். அந்த எல்லையை யார் காப்பது என்ற வினாவே இக்கட்டுரையின் மையப் பொருளாகும்.

அரசறிவியல் எதனை ஆராய்கின்றது?

அரசறிவியல் அல்லது அரசியல் விஞ்ஞானம் என்பது அரசு, அரசாங்கம், அதிகாரம் ஆகியவை பற்றிய முறையான கற்கையாகும். இதன் தந்தை எனக் கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் குறிப்பிடப்படுகின்றார். அவரும் அவரது மாணவர்களும் 158 நகர அரசுகளின் யாப்புக்களைத் திரட்டி ஒப்பிட்டனர் எனக் கூறப்படுகின்றது. எது நல்லாட்சி என்று கண்ணை மூடிச் சிந்திப்பதற்கு முன்னர், எங்கே எப்படி ஆளப்படுகின்றது எனத் திரட்டிப் பார்த்ததே அவரது முறையின் சிறப்பாகும்.

பிரான்சிய அறிஞர் மொண்டெஸ்கியூ 1748 இல் வெளியிட்ட "சட்டங்களின் ஆன்மா" என்னும் நூலில் வலுவேறாக்கக் கோட்பாட்டை விளக்கினார். சட்டத்தை இயற்றுபவர், அதனை நடைமுறைப்படுத்துபவர், அதன்படி தீர்ப்பு வழங்குபவர் ஆகிய மூவரும் ஒருவரே ஆயின் பிரசைகளின் சுதந்திரம் இல்லாமற் போய்விடும் என்பதே அவரது வாதத்தின் சாரமாகும். இதனை ஒரு கிரிக்கெட் ஆட்டத்தோடு ஒப்பிட்டு விளங்கிக் கொள்ளலாம். ஆட்ட விதிகளை எழுதுபவரும், துடுப்பெடுத்தாடுபவரும், நடுவரும் ஒரே ஆளாக இருந்தால் அவர் ஒருபோதும் ஆட்டமிழக்க மாட்டார்.

இலங்கையின் மூன்று துறைகள்

1978 ஆம் ஆண்டின் இரண்டாவது குடியரசு யாப்பின் 3 ஆவது உறுப்புரை, இறைமை மக்களிடம் உள்ளது என்றும் அது பாராதீனப்படுத்த முடியாதது என்றும் கூறுகின்றது. பாராதீனப்படுத்த முடியாதது என்றால் கைமாற்றிக் கொடுக்க முடியாதது என்று பொருள். எனவே 225 உறுப்பினர்களும் சனாதிபதியும் மக்களின் அதிகாரத்தைப் பிரயோகிக்கின்றார்களேயன்றி அதற்கு உரிமையாளர்களாக மாட்டார்கள். 4 ஆவது உறுப்புரை அப்பிரயோகத்தைப் பங்கிடுகின்றது. சட்டமியற்றும் அதிகாரம் பாராளுமன்றத்தாலும் சர்வசன வாக்கெடுப்பில் மக்களாலும், நிறைவேற்று அதிகாரம் சனாதிபதியாலும், நீதி அதிகாரம் பாராளுமன்றத்தினால் நீதிமன்றங்கள் ஊடாகவும் பிரயோகிக்கப்படும். கடைசிப் பகுதியைக் கவனித்தீர்களா? நீதி அதிகாரத்தைக்கூட யாப்பின் எழுத்து நேரடியாக நீதிமன்றங்களிடம் கொடுக்கவில்லை. பாராளுமன்றம் "நீதிமன்றங்கள் ஊடாக" என்றே அது எழுதப்பட்டுள்ளது. இவ்வாசகத்தை வைத்துச் சட்டத்துறையினர் நீதித்துறையோடு வாதாடிய சந்தர்ப்பங்களும் உண்டு.

பாராளுமன்றத்தின் 225 ஆசனங்களில் 196 ஆசனங்களுக்கு 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து உறுப்பினர்கள் தெரிவாகின்றனர். 29 பேர் தேசியப் பட்டியல் மூலம் வருகின்றனர். நிருவாக மாவட்டங்கள் 25 ஆயிருக்கத் தேர்தல் மாவட்டங்கள் ஏன் 22 என்ற வினா அடிக்கடி எழுவதுண்டு. யாழ்ப்பாணம், கிளிநொச்சி ஆகிய இரண்டும் சேர்ந்து யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டமாகவும், மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்றும் சேர்ந்து வன்னித் தேர்தல் மாவட்டமாகவும் கணிக்கப்படுவதே காரணமாகும்.

196 ஆசனங்களில் 36 ஆசனங்கள் மாகாணத்துக்கு 4 வீதம் ஒன்பது மாகாணங்களுக்கும் சமமாக ஒதுக்கப்படும். மிகுதி 160 ஆசனங்களும் பதிவு செய்யப்பட்ட வாக்காளர் தொகைக்கேற்பப் பகிரப்படும். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010 இல் 9 ஆசனங்கள் இருந்தன. 2015 இலும் 2020 இலும் 7. 2024 இல் 6. எவரும் ஆசனங்களைப் பறித்துச் செல்லவில்லை. யுத்தத்தாலும் இடப்பெயர்வாலும் வெளிநாடு சென்றதாலும் வாக்காளர் இடாப்பில் பெயர்கள் குறைந்தன. விகிதக் கணக்கு மிகுதியைச் செய்து முடித்தது. உங்களுக்கு 18 வயதானதும் கிராம உத்தியோகத்தர் கொண்டுவரும் வாக்காளர் பதிவுப் படிவம் வெறும் கடதாசி அன்று என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

சட்டமூலம் ஒன்று முதலில் வர்த்தமானியில் பிரசுரிக்கப்பட்டு, பின்னர் பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெறும். அவ்வேளையில் எந்தவொரு பிரசையும் அது யாப்புக்கு முரணானது எனக் குறித்த நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். அக்காலம் கடந்து, சட்டமூலம் நிறைவேறி, சபாநாயகர் சான்றுரைத்து விட்டால் எந்த நீதிமன்றமும் அதன் வலிதுடைமையைக் கேள்விக்குட்படுத்த முடியாது. இந்தியாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் நிலைமை வேறு. அங்கே பல ஆண்டுகள் நடைமுறையிலிருந்த சட்டத்தையும் நீதிமன்றம் செல்லாது என அறிவிக்க முடியும். இலங்கையில் கதவு சில நாட்கள் மட்டுமே திறந்திருக்கும். வர்த்தமானியை வாசிக்கும் பழக்கம் எத்தனை பேருக்கு உண்டு என்பதை நினைக்கும்போது இது நமது யாப்பின் பெரியதொரு குறைபாடு என்றே கூற வேண்டியுள்ளது.

யாப்பைத் திருத்துவதற்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மை, அதாவது 150 வாக்குகள் தேவை. இறைமை, ஒற்றையாட்சி, மதம், சிந்தனைச் சுதந்திரம், சித்திரவதையிலிருந்து விடுதலை போன்ற சில உறுப்புரைகளை மாற்றுவதானால் சர்வசன வாக்கெடுப்பும் அவசியமாகும். இலங்கையில் இதுவரை ஒரேயொரு சர்வசன வாக்கெடுப்பே நடைபெற்றுள்ளது. 1982 டிசெம்பர் 22 ஆம் திகதி நடைபெற்ற அவ்வாக்கெடுப்பின் நோக்கம் புதியதோர் உரிமையை வழங்குவதன்று. பொதுத் தேர்தலை நடத்தாமல் இருந்த பாராளுமன்றத்தின் காலத்தையே ஆறு ஆண்டுகளால் நீடிப்பதாகும். விகிதாசார முறையின் கீழ் தனியொரு கட்சி 150 ஐ எட்டுவது கடினம் என நெடுங்காலம் கருதப்பட்டது. 2024 நவம்பர் 14 ஆம் திகதி நடைபெற்ற தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களைப் பெற்று அக்கருத்தைப் பொய்யாக்கியது.

நிறைவேற்றுத்துறையின் தலைவர் சனாதிபதி. அவர் மக்களால் நேரடியாகத் தெரிவு செய்யப்படுகின்றார். இடையில் பதவி வெற்றிடமானால் மட்டும் எஞ்சிய காலத்துக்குப் பாராளுமன்றம் ஒருவரைத் தெரிவு செய்யும். மேலே கூறிய 2022 தெரிவு அவ்வாறானதே. பிரதமரும் அமைச்சர்களும் பாராளுமன்ற உறுப்பினர்களாகவே இருத்தல் வேண்டும். ஆகவே இலங்கையில் சட்டத்துறையும் நிறைவேற்றுத்துறையும் முற்றாக வேறாக்கப்படவில்லை. அமெரிக்காவில் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் அமைச்சரவைக்குச் செல்வதானால் தமது ஆசனத்தைத் துறக்க வேண்டும். பரீட்சையில் "இலங்கையில் பூரண வலுவேறாக்கம் உண்டு" என எழுதுவோர் புள்ளியை இழப்பர்.

நீதித்துறையில் உயர் நீதிமன்றம், மேன்முறையீட்டு நீதிமன்றம், மேல் நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம், நீதவான் நீதிமன்றம் என்ற ஒழுங்கை நீங்கள் அறிவீர்கள். உயர், மேல் ஆகிய இரண்டையும் மாற்றி எழுதாதிருந்தாற் போதும்.

2018: யாப்பு பரீட்சிக்கப்பட்ட ஏழு வாரங்கள்

மூன்று பெட்டிகளை வரைந்து அவற்றிடையே அம்புக்குறிகளை இட்டால் வலுவேறாக்கம் விளங்கிவிட்டது போலத் தோன்றும். அந்த அம்புக்குறிகள் உண்மையில் எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதை அறிய 2018 ஒக்டோபர் 26 முதல் டிசெம்பர் 16 வரையான நிகழ்வுகளைத் திகதி வரிசையில் கற்பது பயனுடையது. நான் வகுப்பில் இதனைக் கரும்பலகை நிறைய எழுதிக் கற்பிப்பதுண்டு.

ஒக்டோபர் 26 ஆம் திகதி இரவு, சனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவைப் பதவி நீக்கி மஹிந்த ராஜபக்ஷவைப் பிரதமராக நியமித்தார். மறுநாள் பாராளுமன்றக் கூட்டத்தொடரை ஒத்திவைத்தார். பெரும்பான்மை யாருக்கு உண்டு என்பதை அறியும் இடம் பாராளுமன்றமே. அது கூடாதிருந்தால் அறியவும் முடியாது. எதிர்பார்த்த ஆதரவு திரளாத நிலையில், நவம்பர் 9 ஆம் திகதி பாராளுமன்றத்தைக் கலைத்து, 2019 ஜனவரி 5 ஆம் திகதி தேர்தல் என வர்த்தமானியில் அறிவித்தார்.

தேர்தல் வைப்பதில் என்ன பிழை, மக்களிடம் போவது நல்லதுதானே எனச் சில மாணவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்விதான். விடை 70 ஆவது உறுப்புரையில் உள்ளது. 2015 இல் நிறைவேற்றப்பட்ட 19 ஆவது திருத்தத்தின்படி, பாராளுமன்றம் முதன்முதலாகக் கூடிய நாளிலிருந்து நான்கரை ஆண்டுகள் முடியும் வரை சனாதிபதி அதனைக் கலைக்க முடியாது. அதற்கு முன்னர் கலைப்பதானால் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்க வேண்டும். அப்பாராளுமன்றம் கூடியது 2015 செப்டெம்பர் 1 ஆம் திகதி. எனவே கணக்குப்படி 2020 மார்ச் வரை கலைக்க முடியாது.

சனாதிபதியின் தரப்பு 33 ஆவது உறுப்புரையைக் காட்டியது. பாராளுமன்றத்தைக் கூட்டவும் ஒத்திவைக்கவும் கலைக்கவும் சனாதிபதிக்கு அதிகாரம் உண்டு என அங்கே பொதுவாகக் கூறப்பட்டுள்ளது. ஒரே யாப்பில் ஓர் உறுப்புரை அதிகாரம் தருகின்றது. இன்னோர் உறுப்புரை அதற்கு நிபந்தனை இடுகின்றது. இவ்விரண்டையும் எவ்வாறு சேர்த்து வாசிப்பது என்பதே வழக்காயிற்று.

எதிர்க்கட்சித் தலைவராக இருந்த இராஜவரோதயம் சம்பந்தன் உள்ளிட்ட பலர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனுக்களைத் தாக்கல் செய்தனர். தேர்தல் ஆணைக்குழுவின் உறுப்பினர் ஒருவரும் மனுதாரராக இருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. சட்டத்தின் முன் யாவரும் சமம் என்ற 12(1) ஆவது உறுப்புரையே மனுக்களின் அடிப்படையாகும். பாராளுமன்றத்தைக் கலைப்பதற்கும் சமத்துவத்துக்கும் என்ன தொடர்பு? சட்டத்துக்கு மாறாக, எதேச்சையாக அதிகாரத்தைப் பிரயோகிப்பதே சமத்துவத்தை மீறுவதாகும் என்பதுதான் தொடர்பு. வழக்கு சனாதிபதியின் பெயரில் அன்றிச் சட்டமா அதிபருக்கு எதிராகப் பதிவாயிற்று. சனாதிபதியின் உத்தியோகபூர்வச் செயலைச் சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கி அடிப்படை உரிமை மனு மூலம் எதிர்க்கலாம் என்ற வழியைத் திறந்ததும் அதே 19 ஆவது திருத்தமே.

நவம்பர் 13 ஆம் திகதி உயர் நீதிமன்றம் கலைப்பு அறிவித்தலுக்கு இடைக்காலத் தடையுத்தரவு வழங்கியது. மறுநாளே சபாநாயகர் கரு ஜயசூரிய பாராளுமன்றத்தைக் கூட்டினார். புதிய பிரதமருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணை நிறைவேறியது. அவர் பதவி விலகவில்லை. சபைக்குள் மிளகாய்த் தூள் வீசப்பட்ட காட்சியும் அவ்வாரத்திலேயே நிகழ்ந்தது. பின்னர் நவம்பர் 29 ஆம் திகதி, பிரதமரின் அலுவலகச் செலவுக்குப் பணம் வழங்குவதைத் தடுக்கும் பிரேரணையைப் பாராளுமன்றம் 123 வாக்குகளால் நிறைவேற்றியது. பொது நிதி மீதான கட்டுப்பாடு பாராளுமன்றத்துக்குரியது என்ற ஒரு வரியை நீங்கள் மனனம் செய்திருப்பீர்கள். அந்த வரி செயலில் எப்படி இருக்கும் என்பதற்கு இதுவே உதாரணமாகும்.

அடுத்து, 122 உறுப்பினர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர். எந்த உரிமையுடன் இப்பதவியை வகிக்கின்றீர் என வினவும் எழுத்தாணையை அவர்கள் கோரினர். டிசெம்பர் 3 ஆம் திகதி மஹிந்த ராஜபக்ஷவும் அவரது அமைச்சர்களும் அப்பதவிகளில் செயற்படுவதற்கு அந்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. டிசெம்பர் 13 ஆம் திகதி உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஏகமனதாகத் தீர்ப்பளித்தனர். 33 ஆவது உறுப்புரையின் பொது அதிகாரம் 70 ஆவது உறுப்புரையின் நிபந்தனைக்கு உட்பட்டதே. ஆகவே கலைப்பு யாப்புக்கு முரணானது என்பதே அத்தீர்ப்பாகும். டிசெம்பர் 15 ஆம் திகதி மஹிந்த ராஜபக்ஷ பதவி விலகினார். மறுநாள் ரணில் விக்கிரமசிங்க மீண்டும் பிரதமரானார்.

இங்கே மாணவர்கள் பெரும்பாலும் விடும் தவறு ஒன்றுண்டு. "நீதிமன்றம் ரணிலைப் பிரதமராக நியமித்தது" என எழுதி விடுகின்றனர். எந்த நீதிமன்றமும் பிரதமரை நியமிப்பதில்லை. அவரை மீண்டும் நியமித்தவர் சனாதிபதி சிறிசேனவே. அவரை நியமிக்க மாட்டேன் எனப் பகிரங்கமாகக் கூறியிருந்தவரும் அவரே. தீர்ப்பை நிறைவேற்றி வைக்க நீதிமன்றத்துக்கென்று படை கிடையாது. செலவிடப் பணமும் கிடையாது. முப்படைகளின் தளபதியாக இருந்த ஒருவர், தமக்கு விருப்பமில்லாத தீர்ப்புக்குக் கீழ்ப்படிந்தார். யார் வென்றார் என்பதைவிட அரசறிவியல் மாணவருக்கு முக்கியமானது இதுதான். பின்னர், நான்கரை ஆண்டுகள் முடிந்த கையோடு 2020 மார்ச் 2 ஆம் திகதி அடுத்த சனாதிபதி அதே பாராளுமன்றத்தைக் கலைத்தார். இம்முறை எவரும் நீதிமன்றம் சென்று அக்கலைப்பை மாற்ற முடியவில்லை; கணக்குச் சரியாக இருந்தது.

ஆயினும் நீதித்துறை எப்போதும் இவ்வாறு நிமிர்ந்து நிற்க முடிந்ததாகக் கொள்ளலாகாது. பிரதம நீதியரசர் சிராணி பண்டாரநாயக்க தலைமையில் உயர் நீதிமன்றம், திவிநெகும சட்டமூலத்துக்கு மாகாண சபைகளின் இணக்கம் தேவை என முடிவு கூறியிருந்தது. அதன் பின்னர் அவருக்கெதிராகக் குற்றப் பிரேரணை கொண்டுவரப்பட்டு, 2013 ஜனவரியில் அவர் பதவி நீக்கப்பட்டார். ஐந்தே ஆண்டுகளில் எவ்வாறு நிலைமை மாறியது? ஒரு காரணம் பின்வரும் திருத்தங்களில் உள்ளது.

ஒற்றை எண் கட்டும், இரட்டை எண் அவிழ்க்கும்

17 முதல் 21 வரையான திருத்தங்களை மனனம் செய்ய முடியவில்லை என மாணவர்கள் ஆண்டுதோறும் முறையிடுவர். இதற்கு இலகுவான வழி ஒன்றுண்டு. 17, 19, 21 ஆகிய ஒற்றை எண்கள் சனாதிபதியின் அதிகாரத்தைக் கட்டின. 18, 20 ஆகிய இரட்டை எண்கள் அவிழ்த்து விட்டன. இது இந்த ஐந்துக்கு மட்டுமே பொருந்தும் சூத்திரமாகும். 13 ஐயும் 16 ஐயும் இதற்குள் இழுத்து வராதீர்கள்.

2001 இல் வந்த 17 ஆவது திருத்தம் அரசியலமைப்புப் பேரவையை உருவாக்கியது. உயர் நீதிமன்ற நீதியரசர்கள், தேர்தல், பொலிஸ், பொதுச் சேவை ஆணைக்குழுக்களின் உறுப்பினர்கள் போன்றோரைச் சனாதிபதி தனித்து நியமிக்க முடியாதவாறு அது செய்தது. 2010 இல் 18 ஆவது திருத்தம் அப்பேரவையை நீக்கியதோடு, ஒருவர் இரண்டு தடவைகள் மட்டுமே சனாதிபதியாகலாம் என்ற வரையறையையும் அகற்றியது. 2015 இல் 19 ஆவது திருத்தம் இரண்டையும் மீளக் கொணர்ந்ததுடன், பதவிக் காலத்தை ஆறிலிருந்து ஐந்து ஆண்டுகளாகக் குறைத்தது. 2020 இல் 20 ஆவது திருத்தம் பேரவையை மீண்டும் நீக்கியது. பாராளுமன்றத்தைக் கலைக்கும் காலம் நான்கரையிலிருந்து இரண்டரை ஆண்டுகளாயிற்று. 2022 ஒக்டோபரில், பொருளாதார நெருக்கடிக்கும் மக்கள் போராட்டத்துக்கும் பின்னர், 21 ஆவது திருத்தம் 10 பேர் கொண்ட அரசியலமைப்புப் பேரவையை மறுபடியும் அமைத்தது. அவர்களில் எழுவர் பாராளுமன்ற உறுப்பினர்கள், மூவர் வெளியார். இரண்டரை ஆண்டு என்பது அப்படியே இருக்கின்றது. எனவே 2018 இல் நிகழ்ந்தவாறு மூன்றாண்டு கழிந்த பாராளுமன்றம் ஒன்றை இச்சட்டத்தின் கீழ் கலைப்பதாயின், அதே வழக்கில் அதே தீர்ப்புக் கிடைக்காது. நீதிமன்றம் எவ்வளவு உறுதியாக நின்றாலும் அதன் கையிலிருப்பது அன்றைய எழுத்தேயாகும்.

உங்கள் ஊரிலுள்ள அரசாங்கம்

பிரதேச செயலகம், பிரதேச சபை ஆகிய இரண்டையும் பெரியவர்களே குழப்பிக் கொள்கின்றனர். பிரதேச செயலகம் மத்திய அரசாங்கத்தின் நிருவாகக் கிளையாகும். பிறப்புச் சான்றிதழின் பிரதி, காணி விடயங்கள், கிராம உத்தியோகத்தர் எல்லாம் அதன் கீழ் வருவன. பிரதேச செயலாளர் நியமிக்கப்படுபவர். அவருக்கு யாரும் வாக்களிப்பதில்லை. பிரதேச சபையோ 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த, மக்களால் தெரிவு செய்யப்படும் சபையாகும். தெருவிளக்கு, உள்ளூர் வீதி, சந்தை, நூலகம், குப்பை அகற்றல் என்பன அதன் பொறுப்பு. தெருவிளக்கு எரியவில்லை எனக் கச்சேரிக்குக் கடிதம் எழுதினால் ஒளி வராது.

இவ்விரண்டுக்கும் மேலே, 1987 இன் 13 ஆவது திருத்தத்தினால் வந்த மாகாண சபைகள் உள்ளன. தேசிய பாடசாலைகள் தவிர்ந்த பெரும்பாலான பாடசாலைகள் மாகாண நிருவாகத்தின் கீழ் வருவதால், நீங்கள் படிக்கும் பாடசாலையும் அதற்குட்பட்டதாக இருக்கலாம். வட மாகாண சபைக்கான முதலாவது தேர்தல் 2013 செப்டெம்பர் 21 ஆம் திகதி நடைபெற்றது. 2019 ஆம் ஆண்டு முடிவதற்குள் ஒன்பது மாகாண சபைகளின் காலமும் முடிவடைந்து, அவை ஆளுநர்களின் நிருவாகத்தின் கீழ் வந்தன. சபையைக் கலைக்கவும் இல்லை, சட்டத்தை நீக்கவும் இல்லை. தேர்தலை வைக்காமல் விடுவதாலேயே ஓர் ஆட்சி மட்டம் மக்களின் கையிலிருந்து நழுவக்கூடும்.

உள்ளூராட்சித் தேர்தலுக்கும் இது நேர்ந்தது. 2023 மார்ச்சில் நடைபெறவிருந்த அத்தேர்தல் நிதி இல்லை என்ற காரணத்தால் நடைபெறாமற் போனது. பிரசைகள் சிலர் உயர் நீதிமன்றம் சென்றனர். தேர்தலை நடத்தாமை அடிப்படை உரிமை மீறல் என 2024 ஓகஸ்டில் தீர்ப்பு வந்தது. 2025 மே 6 ஆம் திகதி வாக்களிப்பு நடைபெற்றது. சட்டப்படி அடிப்படை உரிமை மனுவை மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துக்குள் நேரடியாக உயர் நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்ய வேண்டும் என்பதையும் இங்கே குறித்துக் கொள்ளுங்கள்.

பரீட்சைக்குக் குறிப்பு

வலுவேறாக்கம் பற்றிய வினாவுக்கு விடையளிக்கும்போது வரைவிலக்கணத்தோடு நின்றுவிடாது, திகதியுடன் கூடிய உதாரணம் ஒன்றையாவது தருதல் வேண்டும். உதாரணத்தில் எந்தத் துறை, எந்தத் துறையை, எந்த உறுப்புரையின் கீழ் தடுத்தது என்பதைத் தெளிவாக எழுதுங்கள். கட்சி சார்ந்த கருத்துக்களை விடைத்தாளில் எழுத வேண்டாம். உங்கள் வீட்டார் யாருக்கு வாக்களித்தனர் என்பதற்குப் புள்ளித் திட்டத்தில் இடமில்லை.

பயிற்சி வினாக்கள்

1. அரசுக்கும் அரசாங்கத்துக்கும் இடையிலான வேறுபாடுகள் இரண்டினை உதாரணத்துடன் விளக்குக.

2. இலங்கையில் நிறைவேறிய சட்டமொன்றை நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்த முடியாமைக்குக் காரணம் யாது? இதனால் பிரசைகளுக்கு ஏற்படக்கூடிய பாதிப்பு ஒன்றைக் குறிப்பிடுக.

3. 2018 நவம்பர் 29 ஆம் திகதிப் பிரேரணையின் மூலம் பாராளுமன்றம் பிரயோகித்த அதிகாரம் எது?

4. உங்கள் வீதியில் ஆறு மாதங்களாகக் குப்பை அகற்றப்படவில்லை எனக் கொள்க. நீங்கள் யாரிடம் முறையிடுவீர்கள்? அச்சபைக்குத் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர்கள் இல்லாத காலமாயின் உங்கள் முறைப்பாடு யாரிடம் போய்ச் சேரும்?